படிக்கவியலாத கோப்பும் படிப்பாரற்ற ஏடும்

எம் உம்மம்மா வாழ்ந்த வீட்டின் நடுக்கூடத்து மாடத்தில் பச்சைத் துணியில் பொதிந்த நூல் ஒன்று உண்டு. எழுத்து அரபு, மொழி தமிழ். வியாழன் மாலை மயங்கி வெள்ளி இரவு பிறக்கும் வேளையில் அவர் அதனை விரித்து இசையோடு படிப்பார். அண்டை வீட்டுப் பெண்டிர் வந்தமர்ந்து கேட்பர். அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. நூல் அதே மாடத்தில், அதே துணியில் இருக்கிறது. தாள் கிழியவில்லை, மை மங்கவில்லை, பூச்சியும் அண்டவில்லை. ஆயினும் அவ்வீட்டில் இன்று அதனைப் படிப்பார் எவரும் இலர். மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் எழுத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, 'இது அரபி இல்லை' என்று வைத்துவிடுகின்றனர். தமிழ் கற்றோர்க்கோ எழுத்தே தெரியவில்லை.

நூல் ஒன்று அழியாமலே இல்லாமற் போவதற்கு இதுவே எமக்குத் தெரிந்த சான்றாக நெடுநாள் இருந்தது. 2023ஆம் ஆண்டில் எம் துறையின் இரும்பு அலமாரியிலிருந்து இன்னொரு சான்று வெளிப்பட்டது. அதனைப் பற்றியதே இக்கட்டுரை. கணிப்பொறிச் செய்திகள் இடையிடையே வரும். தமிழ்த்துறை மலரில் இவை எதற்கு என்று மூத்தோர் சினவாதிருக்க வேண்டுகிறோம். இது தமிழ்த்துறைக்குரிய வேலையே என்பதுதான் யாம் சொல்ல வந்தது.

1973ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் நடைபெற்ற இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டின்பின் பல ஊர்களிலும் பழைய நூல் தேடும் ஆர்வம் எழுந்தது. எம் துறையின் அந்நாள் தலைவரும் அவ்வார்வத்தினர். விடுமுறை தோறும் மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு கடற்கரை ஊர்களுக்குச் செல்வார். மாலை, நாமா, கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, படைப்போர் என எது கிடைப்பினும் பெற்றுவருவார். கொடுக்க மனமில்லாதவரிடம் பார்த்து எழுதிவருவார். நூலொன்றுக்கு ஓர் அட்டை. அட்டையின் முன்புறம் நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு. பின்புறம் அவருடைய பொடி எழுத்தில் குறிப்பு. முன்புறச் செய்திகளை வேறு நூலகங்களிலும் பெறலாம். நூலை வைத்திருந்தவர் வாய்மொழியாகச் சொன்னவை பின்புறத்தில் இருந்தன. அவை வேறெங்கும் இல்லாதவை.

தொண்ணூறுகளில் துறைக்குக் கணிப்பொறி வந்தது. டிபேஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் அக்காலத்தில் அலுவலகந்தோறும் வழங்கியது. அதனோடு, புனேயின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ஜிஸ்ட் அட்டை கணிப்பொறியினுள் பொருத்தப்பட்டிருந்தமையால் திரையில் தமிழ் தெரிந்தது. அந்நாளில் அதுவே பெரும் வியப்பு. 1993இல் தொடங்கிய பதிவு 1997இல் முடிந்தது. அவ்வாண்டு யாம் இளங்கலை முதலாண்டு மாணவர். தட்டச்சர் பதிய, அருகிலமர்ந்து அட்டைகளைப் படித்துச் சொல்லும் பணி எமக்கு வாய்த்தது. பதிவு முடிந்தபின், 'எல்லாம் கணிப்பொறியில் ஏறிவிட்டது. இனி இந்த அட்டைகள் எதற்கு, இடத்தை அடைக்கின்றன' என்று முடிவாயிற்று. இரண்டு சாக்குகளில் அவற்றைக் கட்டி, மிதிவண்டியில் வைத்து, பழைய பேப்பர் கடைக்குத் தள்ளிச் சென்ற மாணவர் இருவருள் ஒருவர் யாமே. கிடைத்த பணத்தில் துறைக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கப்பட்டது. கடிகாரம் இன்றும் ஓடுகிறது.

துறைத்தலைவர் அன்று ஊரில் இல்லை. திரும்பி வந்து காலி அலமாரியைக் கண்டவர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு, 'பிளாப்பி பத்திரமாக இருக்கிறதல்லவா?' என்று மட்டும் கேட்டார். 2009இல் அவர் மர்ஹூம் ஆனார்.

2023இல் தரமதிப்பீட்டுக் குழு வருவதையொட்டி, துறையிலுள்ள அரிய நூல்களின் எண்ணிக்கை கேட்கப்பட்டது. அப்போதுதான் பிளாப்பி நினைவுக்கு வந்தது. ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டு. 360 கிலோபைட் கொள்ளளவு. அதனைப் படிக்கும் கருவி கல்லூரியில் இல்லை. நகரத்தில் கணிப்பொறி பழுதுபார்க்கும் ஒருவர் பழைய இயந்திரம் ஒன்றைத் துணி போர்த்தி வைத்திருந்தார். அதன் வழியே கோப்பு வெளிவந்தது: அளவு 2,91,470 பைட். பெருமூச்செறிந்தோம். பெருமூச்சு அன்று மாலையே நின்றது. மூன்று மாற்றுக் கருவிகளில் கோப்பை இட்டுப் பார்த்தோம். ஒன்று, 'இது தரவுத்தளக் கோப்பன்று' என்றது. மற்றொன்று காரணம் கூறாது நின்றுவிட்டது. மூன்றாவது, துணைக்கோப்பைக் காணவில்லை என்று ஒரு வரி காட்டியது. மூன்றனுள் உண்மை பேசியது அதுவே; யாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 'கோப்பு கெட்டுவிட்டது, விட்டுவிடுங்கள்' என்று அறிந்தோர் சிலர் கூறினர். பெருந்தொகை கேட்டவரும் உண்டு.

கணிப்பொறிப் பயன்பாட்டியல் இரண்டாமாண்டு பயிலும் மாணவி ஒருவர் எம் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் இருந்தார். அவரிடம் செய்தியைச் சொன்னோம். அவர் மாற்றுக் கருவி எதனையும் நாடவில்லை. முதலில் கோப்பைப் படியெடுத்து மூலத்தைத் தனியே வைத்தார். பின்னர்ப் படியின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் சிறு நிரல் ஒன்றில் அதனைத் திறந்தார். 'கோப்பு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று முதலில் கேட்போம், ஐயா' என்றார். சுவடிப் பதிப்புக்கும் இதுவன்றோ முதற்பாடம்!

டிபேஸ் கோப்பின் தொடக்கத்தில் தலைப்பகுதி ஒன்று உண்டு. அதன் முதற் பைட் கோப்பின் வகையைக் கூறும். அடுத்த மூன்றும் கடைசியாகத் திருத்தப்பட்ட ஆண்டு, திங்கள், நாள். ஐந்தாவது முதல் எட்டாவது வரை பதிவுகளின் எண்ணிக்கை. பின்னர்த் தலைப்பகுதியின் நீளமும் ஒரு பதிவின் நீளமும். எம் கோப்பில் எண்ணிக்கைக்குரிய நான்கு பைட்டுகள் 122, 4, 0, 0 என இருந்தன. இவற்றை வலமிருந்து இடமாகக் கூட்டல் வேண்டும் என்றார் மாணவி. எமக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. 4ஐ 256ஆல் பெருக்கி 122ஐக் கூட்ட 1,146 வருகிறது. தலைப்பகுதி 385 பைட். ஒரு பதிவு 254 பைட். 1,146ஐ 254ஆல் பெருக்கி 385ஐயும், இறுதியிலுள்ள முடிவுக்குறி ஒன்றையும் கூட்டினால் 2,91,470. கோப்பின் அளவோடு ஒரு பைட்டும் பிசகாமல் ஒத்தது. 'கெட்டுப்போன கோப்புக்கு இவ்வளவு சரியாகக் கணக்கு வராது, ஐயா' என்றார் அவர்.

தேதியைப் பற்றி ஒன்று சொல்லாமல் செல்ல இயலவில்லை. கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நாள் 1980 சனவரி 1 என்றிருந்தது. டிபேஸ் மூன்றாம் பதிப்பு வெளிவந்ததே 1984இல்தான். கணிப்பொறியினுள் கடிகாரத்துக்குரிய மின்கலம் தீர்ந்துபோனால், அக்கால இயந்திரங்கள் 1980 சனவரி 1 என்றே நாளைக் கொள்ளும். ஏட்டின் இறுதியில் எழுதினவன் தரும் ஆண்டை அப்படியே நம்பலாகாது என்று முதுகலை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். பொறியும் அவ்வாறே பொய்யான முடிவுரை எழுதும் என்பதை அன்று கண்டோம்.

முதற் பைட்டுக்கு வருவோம். அது 3 என்றிருந்தால் கோப்பு தனித்தது. எம் கோப்பில் 131 என்றிருந்தது. அதன் பொருள், 'எனக்குத் துணைக்கோப்பு ஒன்று உண்டு. நீண்ட குறிப்புகள் அதில் உள்ளன' என்பது. ஒரு பதிவில் நூற்பெயர்க்கு 60 பைட், ஆசிரியர்க்கு 40 என இடம் வரையறுக்கப்பட்டிருக்கும். நீண்ட குறிப்பை அவ்வாறு அடைக்கவியலாது. ஆகவே குறிப்பு வேறொரு கோப்பில், 512 பைட் கொண்ட கட்டங்களில் எழுதப்படும். மூலக்கோப்பில் பத்திலக்க இடத்தில் அக்கட்டத்தின் எண் மட்டும் நிற்கும். துணைக்கோப்பின்றி மூலக்கோப்பைத் திறக்கப் பல கருவிகள் மறுத்துவிடும். 'இது கெட்ட கோப்பன்று. தன் இணையைத் தேடும் கோப்பு' என்றார் மாணவி. அட்டையின் முன்புறம் இங்கே இருந்தது. பின்புறம் எங்கே?

படியில் 131ஐ 3 என மாற்றி, குறிப்புக்குரிய புலத்தைச் சாதாரண எழுத்துப் புலமாகவும் மாற்றினார். கருவிகள் மூன்றும் இப்போது கோப்பைத் திறந்தன. 1,146 வரிசைகள் திரையில் தோன்றின; ஓர் எழுத்தும் விளங்கவில்லை. விண்டோசு முறையில் திறந்தால் தலையில் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள். டாசு முறையில் திறந்தால் கட்டங்களும் கோடுகளும். எழுத்து ஒன்று, அதன் எண் ஒன்று. எந்த எண் எந்த எழுத்து என்பதைக் கோப்பு சொல்வதில்லை. படிப்பவர் அறிந்திருத்தல் வேண்டும். எம் உம்மம்மாவின் நூலும் அவ்வாறே.

இவ்விடத்தில்தான் தமிழ்த்துறைக்கு வேலை வந்தது. நூற்பெயர்ப் பகுதியில் மிகுதியாக வரும் எண் எது என்று கேட்டோம். 232 என்றார். அது சொல்லின் முதலில் வருகிறதா? ஓரிடத்தும் இல்லை. இரண்டு 232 அடுத்தடுத்து வருகின்றனவா? இல்லை. சொல்லின் இறுதியில் பலகால் வருகிறதா? ஆம். அப்படியாயின் அது மெய்யின் மேலிடும் புள்ளி என்றோம். தலைப்புகளின் இறுதியில் அடிக்கடி வரும் நான்கெழுத்து வரிசைகளைப் பிரித்துத் தரச் சொன்னோம். 204, 218, 209, 226 என்று ஒன்று; 198, 218, 204, 218 என்று மற்றொன்று. இரண்டாவதில் இரண்டாம் எண்ணும் நான்காம் எண்ணும் ஒன்றே. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பயின்றவர் எவரும் சிறிது எண்ணினால் விடையைக் காண்பர்: நாமா. 218 என்பது கால். 204 என்பது மகரம். எனவே முதல் வரிசை மகரமும் காலும் கொண்டு தொடங்கி இரண்டு குறிகளில் முடிவது: மாலை. அரை மணி நேரத்தில் ஐந்தாறு எழுத்துகள் பிடிபட்டன. அதற்குள் மாணவி, இந்தியத் தர அமைவனம் 1991இல் ஏற்ற இஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டுப் பட்டியலைத் தேடி எடுத்துவிட்டார். யாம் கண்ட எண்கள் அனைத்தும் அதில் அவ்வாறே இருந்தன. ஜிஸ்ட் அட்டை பயன்படுத்திய குறியீடும் அதுவே. பட்டியல் கிடைத்தபின் எம் கண்டுபிடிப்புக்கு வேலையில்லைதான். ஆயினும் அந்த அரை மணி நேரத்தை யாம் விட்டுக்கொடுக்க ஒருப்படோம்.

இஸ்கியை மாற்றும் கருவி ஒன்றில் கோப்பை இட்டோம். பட்டியல் முழுவதும் தேவநாகரியில் வந்து நின்றது! இஸ்கி முறையில் இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் எண்கள் பொது. ககரம் எம்மொழியினும் 179. இது தமிழ் என்று தனியே அறிவிக்காவிடில் கருவி தேவநாகரியாகவே கொள்ளும். ழ, ற, ன ஆகியவை அதில் புள்ளியிட்ட எழுத்துகளாய் நின்றன. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக இருக்கும் எழுத்தின் மேலும் கீழும் புள்ளியிட்டு அரபுத் தமிழ் படைத்த நம் முன்னோர் நினைவுக்கு வந்தனர். தமிழ் வேற்றெழுத்தை உடுத்தும்போதெல்லாம் புள்ளி வைத்துக்கொள்கிறது போலும்.

தமிழ் என அறிவித்தபின் யாவும் யூனிகோடு எனும் ஒருங்குறித் தமிழாக மாறின. யூனிகோடின் தமிழ்ப் பகுதி இஸ்கியின் வரிசையைத் தழுவி அமைந்தமையால் மாற்றத்தில் சிக்கல் மிகுதியும் இல்லை. ஒரு பிழை மட்டும் நேர்ந்தது. மாற்றியதை மீண்டும் பழைய வடிவிலேயே சேமித்தபோது நீண்ட தலைப்புகள் நடுவே அறுந்தன. இஸ்கியில் ஒரு குறிக்கு ஒரு பைட். இன்று பெரிதும் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். சீறாப்புராணம் என்னும் சொல்லில் குறிகள் 13. முன்னர் 13 பைட், இப்போது 39. ஆகவே 60 பைட் இடத்தில் இருபது குறிகளுக்கு மேல் அடங்கா. மூலத்தை விட்டுவைத்திருந்தமையால் பிழைத்தோம். எவரும் முதலில் படியெடுத்துக்கொள்ளாமல் தொடவேண்டா என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

இன்னொன்று. டிபேசில் ஒரு பதிவை நீக்கினால் அது உடனே அழிவதில்லை. பதிவின் தொடக்கத்தில் ஓர் உடுக்குறி இடப்படும், அவ்வளவே. மாற்றுக் கருவிகள் பல அத்தகைய பதிவுகளைக் காட்டாமல் கடந்துவிடும். எம் கோப்பில் அவ்வாறு ஒன்பது இருந்தன. எட்டு, இருமுறை பதிந்தவை. ஒன்பதாவது, பாடியவர் பெயர் தெரியாத தாலாட்டு ஒன்று, அச்சேறாதது. நூல் அன்று என்று கருதி யாரோ நீக்கியிருக்கின்றனர். எம்மட்டில், அக்கோப்பிலுள்ள சிறந்த பதிவுகளுள் அதுவும் ஒன்று.

இனித் துணைக்கோப்பு. எம் நெகிழ்வட்டின் கொள்ளளவு 3,62,496 பைட். மூலக்கோப்பே 2,91,470 பைட் கொண்டது. துணைக்கோப்புக்கு அதில் இடமிருந்திருக்கவியலாது. எனவே வேறொரு வட்டு இருந்தே தீரவேண்டும் என்று தேடினோம். பழைய வினாத்தாள் கட்டொன்றின் உறையினுள் 1.2 மெகாபைட் வட்டு ஒன்று அகப்பட்டது. பரப்பில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. பழுதுபார்ப்பவர் பொறுமையாகத் துடைத்துப் படித்தார். துணைக்கோப்பின் அளவு 3,79,392 பைட்: தலைக்கட்டம் ஒன்றும் குறிப்புக் கட்டங்கள் 740உம். அவற்றுள் 411 வரை மட்டுமே படிந்தன. எஞ்சியவற்றை எத்தனை முறை முயன்றும் இயந்திரம் உறுமிவிட்டு நின்றது. குறிப்புடைய நூல்கள் 652, 358க்குரிய குறிப்புகள் கிடைத்தன, 294க்குரியவை கிடைக்கவில்லை.

கிடைத்தவற்றை மாணவி ஒருங்குறிக்கு மாற்றித் தந்தபோது ஒவ்வொரு வரியின் இறுதியிலும் அயற்குறி ஒன்று இருந்தது. டிபேஸ், வரி மடியும் இடத்தில் 141 என்னும் எண்ணைத் தானே இடும் என்று கண்டு அவற்றையும் நீக்கினார். பின்னர்ப் படிக்கத் தொடங்கினோம். எம் ஆசிரியரின் குரலை மீண்டும் கேட்டோம். ஒரு மாலைக்கு எழுதியது: இதனை வழங்கிய அம்மையார் பாடும் வரிசை வேறு, அச்சிலுள்ள வரிசை வேறு, மூன்றாம் கண்ணி அச்சில் இல்லை, அவர் வாயில் உண்டு, அக்கண்ணி வருமாறு. ஒரு கிஸ்ஸாவுக்கு எழுதியது: வைத்திருந்தவரின் தந்தையார் 1942இல் ரங்கூனிலிருந்து கால்நடையாகத் திரும்பியவர், வழியெல்லாம் சுமந்து வந்த மூன்று பொருள்களுள் இந்நூலும் ஒன்று. முன்புறத்தில் இந்நூலுக்கு அச்சகம், ஆண்டு எதுவும் இல்லை; 'முகப்புத்தாள் இல்லை' என்று மட்டுமே உள்ளது.

இவற்றைப் படிக்கையில் எமக்கு மகிழ்ச்சி பிறந்தது என்று எழுதினால் அது பாதியுண்மையே. 1997இல் இதே குறிப்புகளை யாம் உரக்கப் படித்திருக்கிறோம். அந்த மூன்றாம் கண்ணியை எம் வாயால் சொல்லியிருக்கிறோம். ஒன்றும் நினைவில் இல்லை. கட்டு முடிந்தால் தேநீர் உண்டு என்பதே அன்றைய எண்ணம்.

குற்றம் யாருடையது என்று வினவுவார்க்கு எம் விடை இதுவே: மென்பொருளைக் குறைகூற இடமில்லை. டிபேஸ் கோப்பின் அமைப்பு மறைபொருள் அன்று. எவரும் கற்கக்கூடிய அளவுக்கு எளியது. இஸ்கி, அரசின் தரம், அச்சிட்டு வெளியிடப்பட்டது. பதினாறு வயதுத் தம்பி தங்கையரும் விளங்கிக்கொள்ளத்தக்க இச்செய்திகளை, தமிழ் எழுத்தைப் பற்றியே வாழ்நாளெல்லாம் பேசும் யாம் 'அது கணிப்பொறித் துறையின் வேலை' என்று ஒதுக்கிவிட்டோம். கணிப்பொறித் துறையினரோ அது தமிழ் என்று ஒதுக்கினர். இடையில் கோப்பு கால் நூற்றாண்டு கிடந்தது. வட்டெழுத்தைக் கல்வெட்டுத் துறைக்குரியது என்றும், கிரந்தத்தை வடமொழித் துறைக்குரியது என்றும், அரபுத் தமிழை அரபுத் துறைக்குரியது என்றும் ஒதுக்கிய பழக்கமே இங்கும் தொடர்ந்தது எனலாம். முதுகலைப் பாடத்திட்டத்தில் சுவடியியல் உண்டு. அதில் ஓலையை நறுக்கி, எண்ணெயிட்டு, மையூட்டக் கற்பிக்கிறோம்; நன்று. தமிழ் எழுத்து கணிப்பொறியில் எத்தனை வேடம் பூண்டது என்பதையும் அத்தாளிலேயே ஓர் அலகாகச் சேர்த்தல் வேண்டும் என்பது எம் கருத்து. தொண்ணூறுகளில் எழுத்துரு விற்போர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியீடு வைத்திருந்தனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என இரண்டினைத் தமிழக அரசு தரமாக்கியது. இணையத் தமிழர் பலர் திஸ்கியை வழங்கினர். 2010இல்தான் அரசு ஒருங்குறியை ஏற்றது. இக்காலத்துள் எழுதப்பட்ட தமிழெல்லாம் இன்று தனித்தனி மாடங்களில் துணி சுற்றிக் கிடக்கிறது.

எம் கருத்தை மறுக்கும் நண்பர்கள் உளர். 'அச்சு நூல்கள் இருக்கின்றனவே; பேராசிரியர்கள் ம.மு. உவைசும் பீ.மு. அஜ்மல்கானும் பல தொகுதிகளாக வரலாறு எழுதிவைத்துள்ளனரே. கோப்பு ஒன்று போனால் என்ன?' என்பர். அத்தொகுதிகள் இன்றும் பயன்படுவதற்குக் காரணம் அவை தாளில் இருப்பதே. யாம் சொல்வதும் அதுவே. கணிப்பொறியில் ஏற்றுங்கள், ஏற்றிய அன்றே நல்ல தாளில் அச்சிட்டுக் கட்டுங்கள், எந்த மென்பொருள், எந்தக் குறியீடு, எத்தனை கோப்பு என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். எம் ஆசிரியர் காலத்தில், 'கோப்பு இரண்டு. வட்டு இரண்டு' என்று ஒருவர் உறையின்மேல் எழுதியிருந்தால் போதும், இரண்டாம் வட்டு வினாத்தாள் கட்டுக்குள் பூஞ்சை பூத்திராது.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு சொல். ஜமாஅத்துகள் பலவற்றில் நிகாஹ் தப்தர்களையும் கபுறுஸ்தான் பதிவுகளையும் தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் கணிப்பொறியில் ஏற்றினர். எந்த எழுத்துருவில் ஏற்றினர் என்று இன்று கேட்டால், அப்போது பள்ளிவாசல் அலுவலகத்தில் இருந்த தம்பிக்குத்தான் தெரியும் என்பர். அத்தம்பி வளைகுடாவில் இருப்பார். பழைய இயந்திரத்தை எடைக்குப் போடுமுன் துறைக்கு ஆள் அனுப்புங்கள். தப்தரின் தாளேட்டை மட்டும் எக்காரணம் பற்றியும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு சாக்கு சுமந்தவர் சொல்கிறோம்.

குறிப்பு கிடைக்காத 294 நூல்களின் பட்டியலைத் தனியே அச்சிட்டு வைத்துள்ளோம். நற்பேறாக, வழங்கியவர் பெயரும் ஊரும் மூலக்கோப்பிலேயே இருந்தன. அவற்றைக் கொண்டு மாணவர்களும் யாமும் விடுமுறைகளில் ஊர்தோறும் சென்று வருகிறோம். பலர் மறைந்துவிட்டனர், சிலர் வீட்டை விற்றுச் சென்றுவிட்டனர். சென்ற விடுமுறையில் கடற்கரை ஊர் ஒன்றில், தொண்ணூறு வயதை நெருங்கும் பெரியவர் ஒருவரைக் கண்டோம். அவர் தந்த முனாஜாத்து நூலொன்று பட்டியலில் உள்ளது. எதிரே குறிப்பின் கட்ட எண் 618. வந்த காரணத்தைச் சொன்னோம். அவர் எம்மை நெடுநேரம் பார்த்தார்.

'அன்னைக்கு ப்ரொபஸர் வந்து எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போனாகளே, தம்பி. அதெல்லாம் என்னாச்சு?' என்றார்.

அட்டை, சாக்கு, வட்டு, பூஞ்சை என எதையும் அவரிடம் விளக்க எமக்கு நா எழவில்லை. மாணவி மட்டும், 'மறுபடியும் சொல்லுங்க வாப்பா, எழுதிக்கிறோம்' என்றார். அவர் கண்களை மூடிக்கொண்டு நினைவுக்கு வந்த அளவு சொன்னார்; இரண்டிடங்களில் நின்றார்; ஓரிடத்தில் பெயரை மாற்றிச் சொல்லிப் பின் திருத்தினார். பழைய குறிப்பு எத்தனை வரி கொண்டது என்பதை அறிய வழியில்லை. இப்போது ஒன்பது வரி எழுதியுள்ளோம். பக்கத்திலேயே 618 என்னும் எண்ணையும் அழியாமல் விட்டுவைத்துள்ளோம்.